ஷ்ரூஸ்பரி சதுக்கத்தில் யார் நிற்க வேண்டும்?

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையில் இருக்கிறது ஷ்ராப்ஷயர் கவுண்டி. செவெர்ன் ஆறு, குன்றுகள், பண்ணைகள், சின்னச் சின்னச் சந்தை ஊர்கள். பெரிய நகரம் என்று எதுவும் கிடையாது. ஆனால் அங்கே பிறந்த புகழ்பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சார்லஸ் டார்வின், ராபர்ட் கிளைவ், கவிஞர் வில்ஃப்ரட் ஓவன், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த மேத்யூ வெப், இங்கிலாந்து கால்பந்து அணியின் தலைவராக இருந்த பில்லி ரைட். இந்தப் பட்டியல் பல இடங்களில் பல விதமாகக் கிடைக்கிறது. எனக்கு இதில் ஒரு தீராத மனக்குறை உண்டு. எக்லண்டைன் ஜெப் என்ற பெண்ணின் பெயர் அதில் கடைசியில் வரும், அல்லது வரவே வராது. என்னைக் கேட்டால் முதல் பெயர் அதுதான். ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

டார்வினை யாரும் குறை சொல்ல முடியாது. 1809 பிப்ரவரி 12 அன்று, கவுண்டியின் தலைநகரான ஷ்ரூஸ்பரியில் டாக்டர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர். உள்ளூர்ப் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவர் மனம் வண்டுகளிலும், வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அண்ணனோடு செய்த ரசாயனச் சோதனைகளிலும் இருந்தது. அதே பள்ளியின் பழைய கட்டடம் இன்று நூலகம். அதன் வாசலில் 1897இல் வைத்த டார்வின் சிலை உட்கார்ந்திருக்கிறது. பொருத்தமான இடம்.

மேத்யூ வெப் டாலி என்ற ஊர்க்காரர். 1875 ஆகஸ்டில், கிட்டத்தட்ட 22 மணி நேரம் நீந்தி, எந்தத் துணைக் கருவியும் இல்லாமல் டோவரிலிருந்து பிரான்ஸ் கரைக்குப் போனவர். எட்டு ஆண்டுகள் கழித்து நயாகராவின் சுழலில் உயிரை விட்டார்.

டார்வின் பிறந்த அதே 1809இல், மச் வென்லாக் என்ற சிற்றூரில் பிறந்தவர் வில்லியம் பென்னி ப்ரூக்ஸ். இவரைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனசு வரவில்லை. இவரும் மருத்துவர். வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, வாழ்நாள் முழுக்கத் தன் ஊரிலேயே வைத்தியம் பார்த்தார். கூலி வேலை செய்பவர்களுக்குப் படிக்கப் புத்தகம் வேண்டும் என்று 1841இல் வாசிப்புச் சங்கம் தொடங்கினார். அவர்கள் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும் என்று 1850இல் ஊர்த் திடலில் ஒலிம்பியன் விளையாட்டுகளைத் தொடங்கினார். ஓட்டம், தாண்டுதல் எல்லாம் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டி தள்ளும் பந்தயமும், ஜெயிக்கும் கிழவிக்கு ஒரு பவுண்டு தேயிலை தரும் ஓட்டப்பந்தயமும்கூட இருந்தன. பின்னாளில் நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த பிரெஞ்சுக்காரர் பியர் தெ கூபர்தான் என்பவர் 1890இல் அந்த ஊருக்கே வந்து பார்த்தார். ஏதென்ஸில் 1896 ஏப்ரலில் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோது ப்ரூக்ஸ் உயிரோடு இல்லை. நான்கு மாதம் முன்னால் இறந்திருந்தார். ஒரு ஊர் தன் பிள்ளையைச் சொல்லிப் பெருமைப்பட இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

இனி கிளைவ். நம்மில் பலருக்கு ஷ்ராப்ஷயர் என்ற பெயரே தெரியாது, ஆனால் அங்கே பிறந்த இந்த மனிதரைத் தெரியும். பாலாற்றங்கரையில் ஆற்காட்டுக் கோட்டையின் மிச்சமாக நிற்கும் டெல்லி கேட்டைப் பார்த்திருப்பீர்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிளைவ் மாளிகையையும், 1753இல் அவருக்குத் திருமணம் நடந்த செயின்ட் மேரீஸ் தேவாலயத்தையும் கடந்து போயிருப்பீர்கள். பள்ளிப் பாடத்தில் 'ஆற்காட்டு வீரர்' என்று படித்தவர்கள் நாம்.

மார்க்கெட் டிரேய்டன் அருகே ஸ்டைச் என்ற இடத்தில் 1725இல் பிறந்தவர் அவர். சிறு வயதில் ஊர்த் தேவாலயக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து கீழே இருப்பவர்களைக் கதிகலங்க வைத்தார் என்று அந்த ஊரில் இன்னும் கதை சொல்வார்கள். கடனில் தவித்த நிலக்கிழார் குடும்பம். பையனைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கெழுத்தராக மதராஸுக்கு அனுப்பினார்கள். 1744இல் வந்து இறங்கினார். ஆண்டுச் சம்பளம் 5 பவுண்டு.

1751இல் ஏறக்குறைய 500 பேரோடு ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அந்த முற்றுகையைப் பற்றி ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கும் ஒரு செய்தி உண்டு. கோட்டைக்குள் அரிசி தீர்ந்துகொண்டு வந்தபோது நம் சிப்பாய்கள் போய், சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னார்களாம். இது அப்படியே நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடலாம். ஆனால் கம்பெனிப் படையின் பெரும்பகுதி இந்த நாட்டுச் சிப்பாய்கள்தான் என்பதில் சந்தேகம் இல்லை. கஞ்சி குடித்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. சிலை கிளைவுக்கு.

அந்தச் சிலை ஷ்ரூஸ்பரி நகரின் நடுச் சதுக்கத்தில் நிற்கிறது. அவர் இறந்தது 1774இல். சிலை வைத்தது 1860இல். 86 ஆண்டுகள் கழித்து ஏன் திடீர் ஞாபகம்? 1857 கிளர்ச்சியை அடக்கி முடித்திருந்தார்கள். பேரரசைக் கொண்டாட ஒரு முகம் வேண்டியிருந்தது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பிளாசியில் 1757இல் வென்ற பிறகு கிளைவ் குவித்த செல்வம் எங்கே போனது? ஒரு பெரும்பங்கு நேராக ஷ்ராப்ஷயருக்குத்தான். குடும்பத்துக் கடன் அடைந்தது. ஸ்டைச் மாளிகை புதிதாக எழுந்தது. வால்காட் எஸ்டேட் கைக்கு வந்தது. 1761 முதல் சாகும்வரை ஷ்ரூஸ்பரியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவரே. நடுவில் அந்த நகரின் மேயராகவும் இருந்தார். 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு 1767இல் ஊர் திரும்பினார். மூன்றாண்டுகளுக்குள் வங்காளத்தில் மழை பொய்த்து, பஞ்சம் வந்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காவது செத்திருக்கும் என்று பின்னர் வங்காள கவர்னரான வாரன் ஹேஸ்டிங்ஸே எழுதினார். அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதினார்: 1771இன் நிகர வரி வசூல், பஞ்சத்துக்கு முந்திய 1768ஐ விட அதிகம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிறு எரியும் வரி அது. பஞ்சம் நடந்தபோது கிளைவ் அங்கே இல்லை, உண்மை. ஆனால் பிணங்களுக்கு நடுவே வரி வசூலித்த அந்த ஏற்பாடு அவர் செய்துவிட்டுப் போனது.

'அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கக் கூடாது' என்று ஒரு வாதம் உடனே வரும். அந்தக் காலத்திலேயே அளந்தார்கள் ஐயா! 1772, 73இல் நாடாளுமன்றக் குழு அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. எவ்வளவு அள்ளியிருக்க முடியும் என்று நினைத்துப் பார்த்தால், என் அடக்கத்தைக் கண்டு நானே வியக்கிறேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகத்தான் வரலாற்றில் நிற்கிறது. பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, மோர்ட்டன் சே தேவாலயத்தில் புதைத்தார்கள். கல்லறை எந்த இடம் என்று காட்ட அன்று ஒரு பெயர்க்கல்கூட வைக்கவில்லை.

2020இல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். கவுன்சில் கூடி, இருக்கட்டும் என்று முடிவெடுத்தது. சிலையை உடைப்பதில் எனக்கும் ஆர்வம் இல்லை. ஓர் அருங்காட்சியகத்தில், வங்காளப் பஞ்சத்தின் கதையோடு சேர்த்து வைக்கலாம். ஆனால் ஊரின் நடுச் சதுக்கம் என்பது, இவரைப் போல ஆகுங்கள் என்று குழந்தைகளுக்குக் காட்டும் இடம். அங்கே நிற்கத் தகுதியானவர் வேறு ஒருவர்.

அவரிடம் போக, வில்ஃப்ரட் ஓவன் வழியாகப் போக வேண்டும். ஆஸ்வெஸ்ட்ரியில் 1893இல் பிறந்தவர். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளை உள்ளது உள்ளபடி கவிதையில் வைத்தவர். 1918 நவம்பர் 4 அன்று, பிரான்ஸில் ஒரு கால்வாயைக் கடக்கும் சண்டையில் கொல்லப்பட்டார். வயது 25. ஷ்ரூஸ்பரியில் இருந்த பெற்றோருக்குத் தந்தி வந்த நாள் நவம்பர் 11. போர் முடிந்ததென்று ஊரெங்கும் தேவாலய மணிகள் அடித்துக்கொண்டிருந்த நேரம்.

மணி அடித்தார்களே தவிர, போர் எல்லாருக்கும் முடியவில்லை. தோற்ற நாடுகளைச் சமாதான ஒப்பந்தத்துக்குப் பணியவைப்பதற்காக, பிரிட்டனும் நேசநாடுகளும் கடல் முற்றுகையை விடாமல் தொடர்ந்தன. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உணவு இல்லை, பால் இல்லை. வியன்னாவில் குழந்தைகள் எலும்பு வளைந்து, நடக்க முடியாமல் கிடந்தார்கள். வென்ற நாட்டில் பலரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகனையும் அண்ணனையும் இழந்த வீடுகளிடம் போய், எதிரியின் பிள்ளை பட்டினி கிடக்கிறது என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

எக்லண்டைன் ஜெப்புக்கு வந்தது. 1876இல் எல்ஸ்மியரில் பிறந்தவர். அதுவும் ஷ்ராப்ஷயரின் வடபகுதிதான். கிளைவ் பிறந்த இடத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவரும் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைதான். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தார். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார், ஒத்துவரவில்லை. குழந்தைகளைக் கொஞ்சிக் கொண்டாடும் சுபாவம் அவருக்கு இல்லை; தனக்கென்று குழந்தையும் இல்லை. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர் செய்தது தாய்மை உருக்கத்தால் நடந்ததல்ல. பசித்த குழந்தைக்குச் சோறு போடுவது நியாயம், அவ்வளவுதான் என்று தெளிந்த ஒரு மூளை செய்த வேலை.

தங்கை டாரத்தி பக்ஸ்டன் போர்க்காலத்தில் எதிரி நாட்டுப் பத்திரிகைகளை மொழிபெயர்த்து வந்தவர். அங்கே என்ன நடக்கிறது என்பது அக்காவுக்கும் தங்கைக்கும் நன்றாகத் தெரியும். 1919 வசந்த காலத்தில் ஜெப், பட்டினியால் சுருங்கிய ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கையை டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்தார். தணிக்கையாளரிடம் அனுமதி வாங்காத அறிக்கை. கைது செய்தார்கள். நீதிமன்றத்தில் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். சட்டப்படி குற்றம் உறுதியானது, 5 பவுண்டு அபராதம். அரசுத் தரப்பில் வாதாடிய ஆர்ச்சிபால்ட் பாட்கின், வழக்கு முடிந்ததும் தன் பணத்திலிருந்து 5 பவுண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். பசித்த குழந்தைகளுக்காக அவர் திரட்டிய நிதிக்கு முதல் நன்கொடை அதுதான் என்கிறார்கள்.

கிளைவின் ஒரு வருஷச் சம்பளம் 5 பவுண்டு. ஜெப்புக்கு விதித்த அபராதமும் 5 பவுண்டு. அந்த ஐந்து எங்கே கொண்டுபோய் விட்டது, இந்த ஐந்து எங்கே கொண்டுபோய் விட்டது என்று எனக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே ஆண்டு மே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கூட்டம் போட்டு 'சேவ் த சில்ரன்' நிதியம் தொடங்கினார்கள். எதிரிக்கு உதவும் துரோகிகள் மேல் எறிய அழுகிய பழங்களோடு சிலர் வந்தார்களாம். 1921இல் ரஷ்யாவில் பெரும்பஞ்சம் வந்தபோது மறுபடியும் எதிர்ப்பு: போல்ஷ்விக்குகளின் பிள்ளைகளுக்கு ஏன் சோறு? ஜெப் கேட்கவில்லை. கப்பலில் உணவு ஏற்றி அனுப்பி, சரடோவ் பகுதியில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சமையல்கூடம் நடத்தினார்கள். யார் பிள்ளை என்று விசாரிக்காமல் தட்டு வைத்தார்கள். இதைத்தான் நான் பெரிய வேலை என்று சொல்கிறேன்.

தர்மம் செய்ததோடு அவர் நிற்கவில்லை. நன்கொடை இன்று வரும், நாளை நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். 1923இல் ஜெனீவாவில் இருந்தபடி, ஒரே பக்கத்தில் அடங்கும் ஐந்து அம்சங்களை எழுதினார். பசித்த குழந்தைக்கு உணவு தர வேண்டும், நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை தர வேண்டும், ஆபத்துக் காலத்தில் உதவி முதலில் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ரீதியில் போகும் அந்தப் பிரகடனத்தை 1924இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் ஏற்றுக்கொண்டது. குழந்தைக்கு உரிமை உண்டு என்று உலக நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட முதல் ஆவணம் அது. 1928இல், 52 வயதில், ஜெனீவாவிலேயே இறந்தார். அவர் எழுதிய அந்தப் பக்கம் வளர்ந்து 1959இல் ஐ.நா. பிரகடனமாகி, 1989இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையாகியது. இலங்கை 1991இலும் இந்தியா 1992இலும் அதை ஏற்றன. நம் ஊரில் குழந்தைத் தொழிலுக்கு எதிராகவும், பள்ளியில் அடிப்பதற்கு எதிராகவும் வழக்காடும் வக்கீல்கள் இன்று எடுத்துக்காட்டும் உடன்படிக்கை அதுதான்.

ஆக, ஷ்ராப்ஷயரின் ஒரே மூலையில் பிறந்த இரண்டு பேருமே நம் வாழ்க்கையைத் தொட்டிருக்கிறார்கள். ஒருவர் பெயரில் கோட்டைக்குள் மாளிகை இருக்கிறது. இன்னொருவரின் பெயரை எழுதினால் எப்படி உச்சரிப்பது என்று கேட்கும் நிலையில் இருக்கிறோம்.

பிரிட்டனில் இருக்கும் நண்பர்களே, ஷ்ரூஸ்பரி பக்கம் போனால் கிளைவ் சிலைக்கு முன்னால் படம் எடுத்துப் போடுகிறீர்கள். எல்ஸ்மியருக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அழகான ஏரி ஊர், அந்தப் பெண்ணைப் பற்றி அங்கே விசாரியுங்கள். பாடம் நடத்தும் ஆசிரியர்களே, ஆற்காட்டு முற்றுகையை நடத்தும் அன்றைக்கே கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கி, கஞ்சி குடித்த சிப்பாய்களைப் பற்றியும், அதே கவுண்டியில் பிறந்து எதிரியின் பிள்ளைக்குச் சோறு கேட்டுக் கைதான எக்லண்டைன் ஜெப்பைப் பற்றியும் சொல்லுங்கள். பாடநூல் எழுதும் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பத்தி போதும், சேர்த்துவிடுங்கள்.