விசேஷம் ஒண்ணுமில்ல, சும்மா தான் வாரேன்

அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புறேன். டெல்லில இருந்து கோவில்பட்டி, 2,700 கிலோமீட்டருக்கு மேல, திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி. முன்னெல்லாம் 120 நாளைக்கு முன்னாலயே டிக்கெட் போட்டுட்டு நாள எண்ணிக்கிட்டு இருப்போம், 2024 நவம்பர்ல இருந்து அத 60 நாளாக்கிட்டாங்க, காலைல எட்டு மணிக்கு போனும் கையுமா உக்காந்து ஒரு லோயர் பெர்த் புடிச்சேன். கன்ஃபர்ம்னு மெசேஜ் வந்தப்ப அவ்ளோ சந்தோசம். ரெண்டு நாள் கழிச்சு தான் வயித்த என்னமோ பெசைய ஆரம்பிச்சுது.

கல்யாணமாகி இங்க வந்து 22 வருசம். இதுவரைக்கும் ஊருக்குப் போனதெல்லாம் கல்யாணம், சடங்கு, இல்லன்னா எழவு. 2019 ஜனவரில அப்பா தவறுனப்ப டெல்லி பனிமூட்டத்துல ஃப்ளைட் லேட்டாகி நான் போய்ச் சேரும்போது வாசல் கழுவி விட்டிருந்தாங்க. தண்ணி இன்னும் காயல. அந்த ஈரத்த மிதிச்சு தான் உள்ள போனேன்.

அதான் இந்தத் தடவ எந்தக் காரணமும் இல்லாம போகணும்னு முடிவு பண்ணேன். விசேஷ வீட்டுல அம்மா பக்கத்துல அஞ்சு நிமிசம் உக்கார முடியுமா சொல்லுங்க? பந்தி, மொய் நோட்டு, யாரு கோவிச்சுக்கிட்டாங்கங்கிற பஞ்சாயத்துலயே லீவு முடிஞ்சிரும். தூரத்துல இருக்கவங்க சும்மா நாள்ல தான் போகணும்ங்கிறது என் கருத்து.

ஆனா அண்ணன்கிட்ட சொன்னதும் "என்ன விசேஷம், திடீர்னு?"ன்னு கேட்டான். தப்பா கேக்கல, ஆனாலும் சுருக்குன்னுச்சு. நம்ம பக்கம் பொண்ணு காரணமில்லாம பொறந்த வீட்டுக்கு வந்தா பங்கு கேக்க வர்றான்னு தான் மொத நெனப்பு. 1989லயே தமிழ்நாட்டுல பொண்ணுக்கும் சொத்துல சம உரிமைன்னு சட்டம் வந்தாச்சு, 2005ல நாடு முழுக்க வந்தாச்சு, இன்னும் அந்தப் பேச்ச எடுத்தாலே மொகம் மாறிடுது. எனக்கு அந்த வீட்டுல ஒரு செங்கல் கூட வேண்டாம். ஆனா அத வாய்விட்டு சொன்னா அந்த நெனப்போட தான் வந்தேன்னு ஆயிருமோன்னு பயமா இருக்கு.

இன்னொரு பயம் அம்மா. 22 வருசமா ஒவ்வொரு போன்லயும் "அங்க மணி எத்தன தாயி?"ன்னு தான் ஆரம்பிப்பாங்க, டெல்லின்னா வேற நாடுங்கிற மாதிரி. போன வாரம் ஒரே போன்ல மூணு தடவ கேட்டாங்க. மூணு தடவையும் புதுசா கேக்குற மாதிரியே கேட்டாங்க. வீடியோ கால்ல பாக்கும்போது நல்லாத்தான் இருக்காங்க, நேர்ல போனா என்னத்தப் பாக்கப் போறேனோன்னு நெனச்சாலே பை அடுக்குற கை நின்னுடுது.

நேத்து ராத்திரி அண்ணன் பேசுனான், ஸ்டேஷனுக்கு வந்துடுறேன்னான். பின்னாடி இருந்து அண்ணி "எத்தன நாள் இருப்பாங்கன்னு கேளுங்க"ன்னாங்க. எனக்கு மூச்சே ஒரு நிமிசம் நின்னுடுச்சு. பத்து நாள்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் அண்ணியே போன வாங்கி, "பத்து நாளா? அப்ப நான் எங்கம்மா வீட்டுக்கு ஒரு ரெண்டு நாள் போயிட்டு வந்துரட்டுமா? அத்தைய விட்டுட்டு எங்கயும் தங்கவே முடியல"ன்னு மெதுவா கேட்டாங்க.

அவங்க ஊரு சாத்தூர் தான். பஸ்ல அரைமணி நேரம் ஆகுமா. அஞ்சு நாள் இருந்துட்டு வாங்க அண்ணின்னேன்.