அது வெட்டாமல் விட்ட முடி அல்ல

சனிக்கிழமை நடந்த பள்ளி விழாவைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்று மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே ஆறு பேர் அனுப்பியிருக்கிறார்கள், ‘அண்ணாச்சி, உங்கள் காலம்’ என்ற குறிப்போடு. பெல்பாட்டத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். நாய்க்காது காலருக்கும் சிரித்தேன். அந்த டோப்பாக்கள் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. காது தெரியவில்லை, கழுத்து தெரியவில்லை, ஒருவருக்கு மூக்கே தெரியவில்லை. தேங்காய் நாரைப் பிய்த்துத் தலையில் கவிழ்த்ததுபோல் ஐந்து ஆசிரியர்கள் மேடையில் குதித்தார்கள். அதற்கு ‘எண்பதுகளின் தலைகள்’ என்று பெயர் வேறு.

விழா அறிவிப்பாளர் சொன்ன அந்த ஒரு வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் முடி.

நீங்கள் காட்டியது வெட்டாமல் விட்ட முடி. அந்தக் காலத்து இளைஞன் வைத்திருந்தது வெட்டி வைத்த முடி. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் தயவுசெய்து எண்பதுகளின் மேல் கை வைக்காதீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தத் தலைகளில் பாதியை வெட்டியவர் என் அப்பா. கோவில்பட்டியில் பேருந்து நிலையத்தை அடுத்த சந்தில் 1969 முதல் 2004 வரை சலூன் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தரையைக் கூட்டி முடியை அள்ளிச் சாக்கில் போடுவது என் வேலை. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளும் நின்றுகொண்டே இருந்ததில் அவருடைய கெண்டைக்கால் நரம்புகள் கயிறு போலச் சுருண்டு புடைத்திருக்கும். வலது கட்டைவிரலில் கத்தரி வளையம் அழுத்திய இடத்தில் காய்ப்பு.

ஸ்டெப் கட்டிங் என்றால் என்னவென்று தெரியாமலேயே சிரிக்கிறீர்கள். தலையை நனைத்து, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தையும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்துத் தூக்கி, விரலைத் தாண்டி நிற்கும் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். உச்சியில் குட்டை, அதற்குக் கீழே கொஞ்சம் நீளம், பிடரியில் இன்னும் நீளம். படிக்கட்டுப் போல இறங்க வேண்டும், ஆனால் படி கண்ணில் படக் கூடாது. பட்டால் அது எலி கரம்பிய தலை. பக்கத்து முடி காதில் பாதியைத்தான் மூட வேண்டும். கிருதா காதுமடலின் அடிவரை வந்து நேர்கோட்டில் நிற்க வேண்டும். இரண்டு கிருதாவும் ஒரே மட்டம். பெரும்பாலான மனிதர்களுக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பதை நாற்காலிக்கு முன்னால் நின்று பார்த்தவர்கள்தான் அறிவார்கள். அப்பா காதை நம்ப மாட்டார். எதிரே வந்து குனிந்து, இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு கன்னத்தில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு முறை கத்தியை இழுப்பார்.

கை மெஷினைப் போட்டு ஒட்ட வெட்டும் கிராப்புக்குப் பத்து நிமிடம். இதற்கு முக்கால் மணி நேரம். அதிலும் எண்ணெய் வழிய வழிய வந்து உட்காருவார்கள். எண்ணெய் முடி கொத்தாக ஒட்டிக்கொள்ளும், நீளம் தெரியாது. ‘தம்பி, சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு நாளைக்கு வா’ என்று திருப்பி அனுப்புவார். வந்த வாடிக்கையைத் திருப்பி அனுப்பிய மனிதர்! இதைத்தான் நீங்கள் வெட்டாமல் விட்ட முடி என்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் கட்சிக்குச் சாதகமான விஷயம்தான். நீள முடி வந்ததால் சலூன்காரர்களுக்கு நஷ்டம். மாதம் ஒரு முறை வந்தவன் இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை வந்தான். அப்பா நினைத்திருந்தால் ‘இதெல்லாம் ரவுடித் தலை’ என்று ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து திட்டிவிட்டுப் பழைய கிராப்பையே வெட்டிக்கொண்டிருக்கலாம். அவர் செய்தது என்ன தெரியுமா? முப்பத்தைந்து வயதில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மதுரைக்குப் போனார். டவுன்ஹால் ரோட்டில் ஒரு சலூன் பெஞ்சில் பதினைந்து நாள், முடி வெட்ட வந்தவர்போல் உட்கார்ந்து, தன் முறை வரும்போதெல்லாம் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து, கத்தரி போகும் போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள், அதனால். திரும்பும்போது அடர்த்தி குறைக்கும் பல்கத்தரி ஒன்று வாங்கிவந்தார். எந்தப் பட்டயப் படிப்புக்கு இது குறைவு?

‘எல்லாம் சினிமாவைப் பார்த்துக் காப்பியடித்ததுதானே?’ என்பீர்கள். ஆமாம். சுவரில் ‘பொம்மை’யிலும் ‘பேசும் பட’த்திலும் கத்தரித்த படங்கள் ஒட்டியிருக்கும். காதை மூடிய கமல், நெற்றியில் முடி விழும் ரஜினி, நடு வகிடெடுத்த அமிதாப். வருகிறவன் விரலை நீட்டி ‘இது’ என்பான். ஆனால் கமலின் முடி வேறு, கரிசல்காட்டில் வெயில் குடித்த சுருட்டை முடி வேறு. அந்தப் படத்தை இந்தத் தலையில் இறக்குவது காப்பி என்றால், நீங்களே ஒன்று அடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். தாத்தா காலத்தில் பாகவதர் கிராப். நெற்றியிலிருந்து பின்னோக்கி வாரி, பிடரியில் சுருண்டு விழும். தியாகராஜ பாகவதர் 1959இல் போய்விட்டார். இன்றைக்கும் பையன் முடி வெட்டாமல் திரிந்தால் வீட்டில் ‘பெரிய பாகவதர்’ என்றுதான் வசவு விழுகிறது. அந்த வாரிய கிராப்பையும் வெட்டாமல் விட்ட முடி என்றுதான் நினைத்தார்கள் போலிருக்கிறது!

ஒரு சம்பவம். 1982 பொங்கலுக்கு முந்தைய நாள். மில்லில் வேலை பார்த்த பையன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டெப் கட்டிங் கேட்கிறான். பின்னாலேயே அவனுடைய அப்பா வந்து நிற்கிறார், ‘காது தெரிய ஒட்ட வெட்டு, தை பிறந்தால் பெண் பார்க்கப் போக வேண்டும்’ என்று. கடைக்குள் இருவருக்கும் சண்டை. என் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு மணி நேரம் வெட்டினார். முடிந்ததும் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, பின்னோக்கிப் படிய வாரிவிட்டார். காது தெரிந்தது. பெரியவர் திருப்தியாகக் காசைக் கொடுத்துவிட்டு இறங்கினார். பையன் அழாத குறை. அப்பா அவன் காதில், ‘இரவு தலைக்குக் குளித்துக் காயவிட்டுப் பார்’ என்றார். மறுநாள் மாட்டுவண்டிப் பந்தயத்தில் அவனைப் பார்த்தேன். காற்றில் காதை மூடிப் பறக்கிறது முடி. எண்ணெய் வைத்தால் தகப்பனுக்கு, குளித்தால் மகனுக்கு! ஒரே தலை. இதை இன்றைக்கு எந்தக் குளிர்சாதன அழகு நிலையம் செய்யும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

அந்த முடிக்காக மனிதர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1970களில் சிங்கப்பூரில் நீள முடி ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டியே ஒட்டியிருந்தார்கள். புருவத்தைத் தொடக் கூடாது, காதை மூடக் கூடாது, காலருக்குக் கீழே இறங்கக் கூடாது. லெட் செப்பலின் என்ற பெரிய இசைக்குழுவே 1972இல் முடியால் அங்கே கச்சேரி செய்ய முடியாமல் போயிருக்கிறது. எட்டயபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் அங்கே வேலைக்குப் போகும் முன் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தார். இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து வெட்டிய தலை. அப்பா மெஷினை எடுக்க மனமில்லாமல் கத்தரியிலேயே வெட்டினார் என்று அம்மா இப்போதும் சொல்வாள்.

‘சாதாரண நகைச்சுவைக்கு இவ்வளவு பெரிய பதிவா?’ என்று ஒருவர் கேட்பார். கேளுங்கள். ‘உங்கள் தலையில்தான் ஒன்றுமே இல்லையே’ என்று இன்னொருவர் கேட்பார். உண்மை, நாற்பது வயதிலேயே போய்விட்டது, விவாதத்துக்கு அது தேவையில்லை. ‘அப்படியானால் இன்றைய பையன்கள் ஒரு பக்கம் மழித்துக் கோழிக்கொண்டை வைப்பதையும் ஆதரிப்பீர்களா?’ இந்தக் கேள்வியை அந்தப் பள்ளியிடமே கேட்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, ஒட்ட வெட்டியதற்காகப் பன்னிரண்டு பையன்களை வாசலில் வெயிலில் நிறுத்தினார்களே, அவர்கள்தான் சனிக்கிழமை டோப்பா வைத்து ஆடினார்கள். அன்றைக்கு நீளமாக வைத்தவன் ரவுடி, இன்றைக்குக் குட்டையாக வைத்தவன் ரவுடி. எந்த அளவு சரி என்று ஒரு அடிக்கோலை வாசலில் கட்டித் தொங்கவிட்டால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும்.

ஒரு தமிழாசிரியர் நேற்று எனக்கு ‘மழித்தலும் நீட்டலும் வேண்டா’ என்று அனுப்பியிருந்தார். ஐயா, அது கூடாவொழுக்கம் அதிகாரம். போலித் துறவிகளைப் பற்றியது. சலூனுக்குள் அதை இழுக்காதீர்கள். வள்ளுவரையே நாம் நீட்டிய முடியோடுதான் வரைந்து பேருந்தில் மாட்டியிருக்கிறோம்.

சில தலைகளுக்கு அது பொருந்தவில்லைதான். ஒப்புக்கொள்கிறேன். எண்பதுகளின் கடைசியில் முன்னால் குட்டையாகவும் பின்னால் தோள்வரையும் வளர்த்த ‘பங்க்’ யாருக்குமே பொருந்தவில்லை, எனக்கு உட்பட. அதற்காக?

சரி, இப்போது அந்த வரி. ‘அந்தக் காலத்தில் ஊரில் சிரைக்க ஆளே இல்லையா?’

அரங்கம் முழுக்கச் சிரித்தது. காணொளியில் நன்றாகவே கேட்கிறது. ஆள் இருந்தார், தம்பி. ஆறு நாளும் நின்றுகொண்டே இருந்தார்.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்குத் தப்பானதற்கு வாத்தியார் ஒருவர், ‘நீயெல்லாம் சிரைக்கத்தான் லாயக்கு’ என்றார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது, ஏனென்றால் எல்லோருக்கும் கடை தெரியும். அன்று மாலை கடைக்குப் போனேன். அதே வாத்தியார் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிறார். கழுத்தில் கத்தி. அப்பா குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, அவருடைய கிருதாவுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. 2011இல் அவர் போய்விட்டார்.

‘அறிவிப்பாளர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை’ என்று எழுதப் போகிறவர்கள் எழுதிவிட்டுப் போங்கள். யாரும் அந்த அர்த்தத்தில் சொல்வதே இல்லை. ‘யாருடைய மனதாவது புண்பட்டிருந்தால்’ என்று விழாக் குழு போட்ட பதிவையும் படித்தேன். புண்பட்டிருந்தால்! அதென்ன சந்தேகம்?

என் தாத்தா கத்தியும் கத்தரியும் வைக்கும் அடைப்பப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் புழக்கடைக்குப் போனவர். களத்தில் நெல் அளந்து போடுவார்கள், போட மறந்தும் போவார்கள். அப்பா அந்த நாற்காலியை வாங்கியது எதற்கென்றால், இனிமேல் அவர்கள் நம்மிடம் வரட்டும் என்றுதான். மதுரையில் பழையதாக வாங்கியது. மரக் கைப்பிடி, திருகி உயர்த்தும் தலைசாய்ப்பு. குழந்தைகளுக்குக் கைப்பிடிகளின் மேல் ஒரு பலகையைக் குறுக்கே போடுவார்.

மேடையில் நடுவில் இருந்தது அதுதான். பழைய பொருட்கள் கண்காட்சிக்கு என்று கேட்டார்கள், துடைத்து எண்ணெய் போட்டு நானே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். நாடகத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. காணொளியை அம்மாவிடம் காட்டியிருக்கக் கூடாது. டோப்பாவையெல்லாம் அவள் கவனிக்கவில்லை. ‘அது நம் நாற்காலிதானே? அதன்மேல் ஏன் ஏறிக் குதிக்கிறார்கள்?’ என்று கேட்டாள்.

நாற்காலி இன்னும் வீடு வந்து சேரவில்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம். யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகலாம், உள்ளே வர வேண்டியதில்லை. குழந்தைப் பலகையும் சேர்த்து. தூக்கும்போது கால்மிதியைப் பிடித்துத் தூக்க வேண்டாம், இடது பக்கத் திருகு தளர்ந்திருக்கிறது.