எஸ்ஆர்-22 காப்பீடே அல்ல

அமெரிக்காவில் குடித்துவிட்டு ஓட்டுவது போன்ற குற்றத்தால் உரிமம் முடங்கியவர் அதைத் திரும்பப் பெறக் கேட்கப்படும் படிவம் எஸ்ஆர்-22. "அது தனி இன்சூரன்ஸ்; ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்ததும் ரத்து செய்துவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. அது வெறும் சான்றிதழ். இந்த ஓட்டுநருக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு இருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனமே மாநில வாகனத் துறைக்கு அனுப்புவது. கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர் பொதுவாக 3 ஆண்டுகள் அதை நடப்பில் வைத்திருக்க வேண்டும். நடுவில் தவணை தவறிப் பாலிசி ரத்தானால் நிறுவனம் எஸ்ஆர்-26 என்ற ரத்து அறிவிப்பை வாகனத் துறைக்கு அனுப்பிவிடும்; உரிமம் மறுபடி முடங்கும். (சொந்தக் கார் இல்லை என்பதும் சாக்காகாது, அப்படிப்பட்டவர்களுக்கென்றே பாலிசி விற்கிறார்கள்.) ஃப்ளோரிடாவில் குடிபோதை வழக்கென்றால் எஸ்ஆர்-22 படிவமே செல்லாது. அங்கே அதற்குப் பதில் எஃப்ஆர்-44 என்ற சான்றிதழ்: குறைந்தது ஒருவரின் காயத்துக்கு 1,00,000 டாலர், ஒரு விபத்துக்கு 3,00,000, சொத்துச் சேதத்துக்கு 50,000 என்று காப்பீடு காட்ட வேண்டும்.