ஜான் ஹிக் கட்டுரை: விரிந்திருக்க வேண்டிய இடம்

சமய மெய்யியலாளர் ஜான் ஹிக் (1922–2012) பற்றி நான் வாசித்த கட்டுரை, மரணத்துக்குப் பிந்தைய வாழ்வு குறித்து 1976இல் அவர் வெளியிட்ட நூலை வெறும் தர்க்கமாகச் சுருக்கிவிட்டது வருத்தமளிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து ஆம்புலன்ஸ் குழுவில் பணியாற்றியவர் அவர். 1967இல் பர்மிங்காம் சென்றபின், அங்கே குடியேறியிருந்த இந்துக்கள், சீக்கியர்கள், இஸ்லாமியர்களோடு நெருங்கிப் பழகியதே அவரைக் கிறித்தவ எல்லைக்கு அப்பால் சிந்திக்க வைத்தது. ஒரே பிறவிக்குள் மனிதன் முழுமை பெறுவது அரிது என்பதால், இறப்புக்குப் பின் வேறு உலகங்களில் பல வாழ்வுகள் தொடரலாம் என்று, மறுபிறவிக் கொள்கையையும் கிறித்தவ நம்பிக்கையையும் எதிரெதிரே நிறுத்தாமல் அவர் முன்வைத்த கருத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. விரிந்திருக்க வேண்டிய இடமே அதுதான்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து அடுக்கு நடுகற்களில், கீழே வாளோடு பொருதும் வீரன், நடுவில் அவனைத் தாங்கிச் செல்லும் தேவமகளிர், உச்சியில் சிவலிங்கத்தின் முன் அமர்ந்த அதே வீரன் எனச் செதுக்கியிருப்பார்கள். இறந்தவன் மேலுலகம் போன பிறகும் அவனை ஊர்க் காவலாக இருத்திப் பொங்கல் வைக்கும் மக்களின் மரணம் பற்றிய அறிவுக்கு, தத்துவங்களையே பெரிதும் ஒப்பிட்ட ஹிக்கின் ஆய்வில் போதிய இடம் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன். கட்டுரையாளர் இதையும் விவாதிக்க வேண்டும்.