ஒரே நிலம், இரண்டு விலை

"வரி போடும்போது தங்கம், எடுத்துக்கொள்ளும்போது தரிசு." அரசாங்கம் நிலத்துக்குப் போடும் மதிப்பைப் பற்றி இப்படிப் புலம்பாதவர்கள் குறைவு. நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இரண்டு விலை இருப்பதே குற்றமில்லை. கணக்கு தப்பினால் யார் தலையில் விடிகிறது என்பதுதான் விஷயம்.

சொத்து வரிக்கு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி மதிப்புப் போட முடியாது. தெரு, பரப்பு, கட்டடத்தின் வயது என்று பார்த்து லட்சக்கணக்கான வீடுகளுக்கு மொத்தமாகப் போடுவார்கள். எனக்குப் பத்து சதவீதம் கூடிப்போனால் வருடத்துக்குக் கொஞ்சம் பணம் நட்டம், அடுத்த மறுமதிப்பீட்டில் சரியாகிவிடும். (அது வந்தால்! இங்கிலாந்தில் கவுன்சில் வரி எனும் வீட்டு வரிக்கு இன்னும் 1991 ஏப்ரல் விலைதான் அடிப்படை. மேற்கு ஜெர்மனிப் பகுதிகளில் 1964 மதிப்பை வைத்தே ஓட்டினார்கள்; 2018-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது.)

பொதுத் தேவைக்கென்று அரசாங்கம் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் நில எடுப்பு அப்படியில்லை. தப்பு முழுக்க ஒரே குடும்பத்தின் மேல், ஒரே தடவையில் விழும். விருப்பத்தோடு விற்பவரும் விருப்பத்தோடு வாங்குபவரும் பேசி முடிக்கும் விலை என்று சட்டம் ஒரு கற்பனை செய்துகொள்கிறது. அதில் விற்பவர் வேடம் நமக்கு. வசனம் மட்டும் கிடையாது.

அந்த விலையை எங்கிருந்து எடுக்கிறார்கள்? அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களிலிருந்து. பக்கத்து நிலத்தை வாங்கியவர் பத்திரச் செலவை மிச்சம் பிடிக்கப் பாதி விலை எழுதியிருப்பார். அன்றைக்கு எல்லோருக்கும் அது சாமர்த்தியம். இன்றைக்கு அதே பத்திரம் என் நிலத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

துண்டாக எடுப்பது இன்னும் மோசம். வயலின் நடுவே சாலை போகிறது. கிணறு இந்தப் பக்கம், பயிர் அந்தப் பக்கம். போன துண்டின் பரப்பைப் பெருக்கிப் பணம் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்ததா? முழு நிலமாக இருந்தபோது என்ன விலை, இப்போது மிச்சமிருப்பதற்கு என்ன விலை என்று பார்த்து வித்தியாசத்தைக் கொடுப்பதுதான் முறை. தண்ணீர் இல்லாத வயலை யார் வாங்குவார்கள்?

தண்ணீர் என்றதும் ஒரு பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு மலேரியா ஒழிப்புப் பணிக்காக ஒரு நிலத்தை எடுத்தார்கள். அதில் நல்ல குடிநீர் ஊற்று இருந்தது. அந்தத் தண்ணீரை வாங்கக்கூடிய ஆள் துறைமுகம் மட்டும்தான் என்றால், அதற்குத் தனி விலை உண்டா என்பது கேள்வி. எடுப்பவரே ஒரே வாங்குபவராக இருந்தாலும் அந்தத் தண்ணீரால் நிலத்துக்கு இருக்கும் வாய்ப்புக்கு விலை போட்டாக வேண்டும் என்று 1939-இல் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீடு போகும் லண்டன் மன்றம்) சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு.

சரி, உரிமையாளரையே விலை சொல்லச் சொன்னால்? சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சன் யாட்-சென் சொன்ன வழி அது. நீ சொல்லும் விலைக்கு வரி கட்டு, அரசாங்கம் வேண்டுமானால் அதே விலைக்கு எடுத்துக்கொள்ளும். 1954-இல் தைவான் அதைச் சட்டமாகவே ஆக்கியது. குறைத்துச் சொன்னால் நிலம் போகும், கூட்டிச் சொன்னால் வரி ஏறும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்கவே மனமில்லாத ஒரு பாட்டி தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள எட்டாத விலை சொல்லிவிட்டு, அந்தப் பாசத்துக்கு வருடா வருடம் வரி கட்ட வேண்டியிருக்குமே!

இந்தியாவில் வேறு வழி பிடித்தார்கள். கட்டாயப்படுத்தி எடுப்பதற்காகச் சந்தை மதிப்புக்கு மேல் ஆறுதல் தொகை. 1894 சட்டத்தில் 15 சதவீதம், 1984 திருத்தத்தில் 30, 2013 சட்டத்தில் 100. கிராமப்புறத்தில் சந்தை மதிப்பையே பெருக்கிக் கொடுக்கும் தனிக் கணக்கு உண்டு, அதை விடுங்கள். நகரத்தில் பாதி விலை எழுதிய பத்திரத்தை வைத்து மதிப்புப் போட்டு, அதன்மேல் 100 சதவீதம் சேர்த்தால் கையில் வருவது நிலத்தின் சாதாரண விலைதான். அப்புறம் ஆறுதல் எங்கே இருக்கிறது?