கேஸ் முடிந்த பிறகு அந்தப் பையன் என்ன ஆனான்?

குமரி மாவட்டத்தில் குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கதை உண்டு. திருவிழாவில் ஒரு அடிதடி, எஃப்.ஐ.ஆரில் பேர், கோர்ட்டில் கேஸ் நிலுவை, பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியவில்லை, வந்த வளைகுடா விசா போயிற்று. (கேஸ் நடக்கும் கோர்ட்டில் அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் கிடைக்க 1993-லேயே அறிவிக்கை இருக்கிறது. இதை எத்தனை பேரிடம் யார் சொன்னார்கள்?)

கதை எல்லாரிடமும் இருக்கிறது, கணக்குதான் இல்லை. போலீஸ், கோர்ட், சிறைப் பதிவுகளை இணைக்க ஐசிஜேஎஸ் என்ற கணினி அமைப்பு வந்துவிட்டது. ஆனால் கேஸில் சிக்கியவன் அப்புறம் சம்பாதித்தானா என்பது அதில் கிடையாது.

அமெரிக்காவில் டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் கோர்ட் பதிவையும் சம்பளப் பதிவையும் இணைத்துப் பார்த்தார்கள். முதல்முறை சிக்கியவர்களைக் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டபோது, மறுபடி குற்றம் செய்வது பாதியாகக் குறைந்திருக்கிறது, பத்து வருடத்தில் வேலைவாய்ப்பு கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடியிருக்கிறது. நார்வேயில் இதே மாதிரி பார்த்தால், முன்பு வேலையே இல்லாதவர்களுக்குச் சிறைக்குள் கிடைத்த பயிற்சி உதவியிருக்கிறது, வேலையில் இருந்தவர்கள் அந்த வேலையை இழந்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் விடை மாறும் என்றால் நம் ஊருக்கும் பார்த்துத்தானே ஆக வேண்டும்? நம்மிடமும் 1958-லிருந்து நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. தண்டனையால் வரும் தகுதியிழப்பு அதில் விடப்பட்டவருக்குக் கிடையாது என்று 12-வது பிரிவே சொல்கிறது. அப்படி வெளியே வந்தவர்கள் பிழைத்தார்களா என்று யாராவது பார்த்தோமா?

பதிவுகளை இப்படி இணைத்தால் என்ன ஆகுமோ என்ற பயமும் நியாயம்தான். ஒரே தேவாலயப் பங்கில் பத்து சேவியர் இருக்கும் ஊரில் ஆள் மாறினால் ஒருத்தன் பாவம் இன்னொருத்தன் தலையில் விழும். அதனால் பேரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் ஆய்வாளருக்குக் கொடுக்க வேண்டும், போலீசுக்கோ கம்பெனிக்கோ அந்தக் கோப்பைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ஆனால் பி.எஃப் பதிவோடு இணைத்தால் போதும் என்று யாராவது சென்னையில் உட்கார்ந்து முடிவெடுத்தால் குமரி அதில் தெரியவே தெரியாது. கடலுக்குப் போகிறவனுக்கும் சின்னத் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுகிறவனுக்கும் ஏது பி.எஃப்? இங்கே பார்க்க வேண்டியது பாஸ்போர்ட் பதிவையும் மீனவர், கட்டுமான நலவாரியப் பதிவுகளையும்தான். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை கோர்ட்டுகளில் முடிந்துபோன கேஸ்களை வைத்துத் தொடங்கினாலே போதும்.