ரேமை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகுமா?

“ரேமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கினால் பழைய கம்ப்யூட்டர் இரண்டு மடங்கு வேகமாகும்” என்று ஈரோட்டுப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறுங்க. ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி. இருக்கிற ரேம் போதாமல் திணறும் கம்ப்யூட்டருக்குத்தான் அது உதவும்.

விண்டோஸில் எது எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் சிக்கல் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில்தான். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில் தகவலைத் தேடி, அதைப் படிக்கும் முனை நகர்வதற்கே பல மில்லி விநாடி போய்விடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. கையில் இருக்கும் பணத்தை முதலில் அதில் போடுங்கள்.

சரி, ரேம்தான் வேண்டுமா? ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு; டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது. அடியில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ரேம் வாங்க கோவை காந்திபுரத்துக்கு பஸ் ஏறும் முன், எந்த வகை என்று கடையில் காட்ட பழைய ரேமின் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.